ரப்பர் மீனை நீந்த வைத்தவர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு பிளேன்டீ ஊற்றிக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள். "வரலாறு படிப்பிக்கிற சேருக்குப் பீலிக்கரையில் பொடியன்களோடு என்ன வேலை?" என்று போன வாரம் இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். ஒருவர் சிரித்துக்கொண்டு கேட்டார், ஒருவர் கோபத்தோடு கேட்டார். கோபத்தோடு கேட்டவர் ஒரு பிள்ளையின் தகப்பன். அவருக்கு நேரில் சொன்ன பதில் போதாது என்று தோன்றியதால்தான் இதை எழுதுகிறேன்.

விசயம் இதுதான். எங்கள் பாடசாலைப் பிள்ளை ஒருவன் (பெயர் வேண்டாம்) மவுசாகலைத் தண்ணீரில் மீன்பிடிக்க ரப்பர் மீன் செய்கிறான். கடைக்காரர்கள் லூர் என்கிறார்கள், எங்கள் பிள்ளைகளுக்கு அது ரப்பர் மீன். மென்மையான பிளாஸ்டிக்கில் சின்ன மீன் மாதிரி வார்த்து, உள்ளே முள்ளைச் செருகி, தண்ணீரில் எறிந்து இழுப்பது. புழுவும் தேவையில்லை, மாவுருண்டையும் தேவையில்லை. கடையில் வாங்கினால் ஒரு பக்கெட்டுக்குக் கொடுக்கிற காசில் வீட்டுக்கு ஒரு நாள் கறி வாங்கலாம். அதனால் கிழிந்துபோன, கரையில் ஆட்கள் எறிந்துவிட்டுப் போன பழைய ரப்பர் மீன்களைப் பொறுக்கி உருக்கி, பிளாஸ்டர் அச்சில் ஊற்றிப் புதிதாக வார்க்கிறான்.

ஒரு நாள் இடைவேளையில் என்னிடம் கொண்டுவந்து காட்டினான். அழகென்றால் அப்படியொரு அழகு. செதில்கூட ஊசியால் கீறியிருந்தான். "நல்லா இருக்குடா, கண்ணுக்குக் கொஞ்சம் சிவப்பு வச்சா இன்னும் நல்லா இருக்கும்" என்று நானும் ஒரு யோசனை சொன்னேன். அவன் முகம் வாடிப்போனது.

"அழகா இருக்கு சேர். ஆனா தண்ணியில போட்டா பம்பரம் மாதிரி சுத்துது. நீந்த மாட்டேங்குது."

அவன் கேட்ட கேள்வி ஒன்று, நான் சொன்ன பதில் வேறொன்று. அன்று இரவு வெட்கத்தோடு தேடத் தொடங்கினேன். தேடினால் அவன் கேட்ட கேள்வி மிகப் பழையது. பொய் மீனைச் செய்தவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து முட்டிக்கொண்ட இடம் அதுதான்: உருவம் வந்துவிடும், நீச்சல் வராது.

முதலில் நம் வீட்டுக் குசினியில் இருந்தே தொடங்குகிறேன்.

மாசிச் சம்பல் சாப்பிடாத வீடு இந்தப் பக்கம் இல்லை. அந்த மாசி மாலைதீவிலிருந்து வந்த பொருள். நம் பாவா ஆதம் மலைக்கு ஏறிய இப்னு பதூதா மாலைதீவில் காதியாக இருந்துவிட்டுத்தான் 1344இல் இலங்கைக்கு வந்தார். மலைக்கு ஏற பாவா பாதை, மாமா பாதை என்று இரண்டு வழிகள் இருந்ததாக எழுதியவரும் அவரே. மாலைதீவு மீனைப் பற்றியும் எழுதியிருக்கிறார்: மீனை நான்காக வெட்டி, லேசாக அவித்து, ஓலைக் கூடையில் வைத்துப் புகையில் தொங்கவிட்டுக் காயவைப்பார்கள், அது இந்தியாவுக்கும் சீனாவுக்கும் யெமனுக்கும் போகும் என்று. வாசிக்கும்போது நம் அடுப்படி வாசனையே வரும்.

அந்த மாசிக்கான சூரை மீனை மாலைதீவுக்காரர் பிடிக்கும் முறைதான் இங்கே முக்கியம். நீளமான கழி, நூல், நுனியில் ஒரு முள். அந்த முள்ளில் இரை இருக்காது. மினுமினுப்பாக இருக்கும், கொழுவி நிற்கும் மீசையும் இருக்காது. மீன் படகுக்குள் விழுந்த உடனே தானாகக் கழன்றுவிட வேண்டும், அடுத்த நொடி முள் மறுபடி கடலில் இருக்க வேண்டும். வெறும் முள்ளைச் சூரை ஏன் கடிக்கிறது? படகிலிருந்து உயிருள்ள பொடி மீன்களை அள்ளி வீசுவார்கள். கூடவே தண்ணீரையும் வாரி இறைப்பார்கள். கடல்மேல் ஆயிரம் பொடி மீன் துள்ளுகிற மாதிரி ஒரு கலவரம். அந்தக் கலவரத்தில் மினுங்குகிற முள்ளும் ஒரு மீனாகிவிடுகிறது. முள் அசையவில்லை, அசைவைச் சுற்றியிருந்த மனிதர்கள் உண்டாக்கிக் கொடுக்கிறார்கள்.

இதைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் மீதி வரலாறும் விளங்கும். அசைவு எங்கிருந்தாவது வந்தாக வேண்டும்.

கி.பி. 200ஐ ஒட்டி ஏலியன் என்ற உரோம எழுத்தாளர் மசிடோனியாவில் ஓர் ஆற்றில் நடந்த மீன்பிடியைக் குறித்துவைத்தார். முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் கழுத்து இறகு இரண்டைக் கட்டி எறிவார்களாம். புள்ளி போட்ட மீன் அதைப் பூச்சி என்று நினைத்து வாயைத் திறக்குமாம். அந்த இறகுப் பூச்சிக்கு நீந்தத் தெரிய வேண்டியதில்லை. ஆறு ஓடுகிறது, ஆறே அதைக் கொண்டுபோகிறது.

அந்த இறகுப் பூச்சி நம் மலைக்கும் வந்து சேர்ந்தது. 1880களில் வெள்ளைக்காரர்கள் இங்கிலாந்திலிருந்து டிரவுட் மீன் முட்டைகளைக் கப்பலில் கொண்டுவந்து நுவரெலியா ஓடைகளில் வளர்த்தார்கள். யோசித்துப் பாருங்கள், அந்தக் காலத்துக் கப்பலில், முட்டை சூடேறாமல் பார்த்துக்கொண்டு, இத்தனை தூரம். முதலில் வந்த பழுப்பு டிரவுட் வளர்ந்ததே தவிர நம் ஓடைகளில் சரியாகப் பெருகவில்லை. பிறகு வந்த வானவில் டிரவுட்தான் ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் ஊன்றியது. உரிமம் எடுத்தவர்கள், கழகத்தில் இருந்தவர்கள், துரைமார்கள், அவர்களின் விருந்தாளிகள் இறகுப் பூச்சி எறிந்து பிடித்தார்கள். அதே மலையில் கொழுந்துக் கூடை சுமந்த நம் பாட்டன் பூட்டன்மார்களுக்கு அந்த மீன் கண்ணால் பார்க்கிற மீன். கறிக்கு வந்தது கருவாடும், நெத்தலியும், இருந்தால் மாசித் தூளும். இதைப் பெரிய மனத்தாங்கலோடு சொல்லவில்லை. ஆனால் நுவரெலியா மீன்பிடி வரலாறு என்று எழுதப்பட்டவற்றில் நம் ஆட்கள் இல்லாததற்கு இது ஒரு காரணம்.

ஓடுகிற தண்ணீரின் கதை அது. நம் ஊரில் தண்ணீர் ஓடுவதை நிறுத்தியது 1969இல்.

மஸ்கெலியா ஓயாவை மறித்து மவுசாகலை அணை வந்தது. அதற்கு நான்கு வருடம் முன்னால் 1965இல் காசல்ரீ. பழைய மஸ்கெலியா டவுன் தண்ணீருக்குள் போனது. என் உம்மும்மா சாகும்வரை இப்போதைய டவுனைப் "புது டவுன்" என்றுதான் சொன்னார். கடும் வரட்சியில் தண்ணீர் இறங்கும்போது பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் வெளியே தெரிவதை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள், போய் நின்று படமும் எடுத்திருக்கிறீர்கள். நமக்குக் கிடைத்தது மின்சாரத்துக்கான நீர்த்தேக்கம், கூடவே நின்ற தண்ணீர். நின்ற தண்ணீரில் இறகுப் பூச்சி வெறுமனே கிடக்கும். நின்ற தண்ணீரில் மீனை ஏமாற்ற வேண்டுமானால் பொய் மீன் தன் நீச்சலைத் தானே கொண்டுவர வேண்டும்.

இந்த இடத்தில்தான் நம் பிள்ளையின் கேள்விக்குப் பதில் சொன்ன இரண்டு பேர் வருகிறார்கள். இரண்டு பேருமே ஆய்வுகூடத்தில் இருந்தவர்கள் இல்லை.

ஒருவர் லௌரி ரபாலா. பின்லாந்துக்காரர், 1905இல் பிறந்தவர், பரம ஏழை. ஏரியில் மீன்பிடித்துப் பிழைத்தார். நூற்றுக்கணக்கான முள் கட்டிய நீளமான கயிற்றை ஏரியில் போடுவார், ஒவ்வொரு முள்ளுக்கும் பொடி மீன் இரை குத்த வேண்டும். இரை குத்துவதிலேயே பாதி நாள் போய்விடும். படகில் உட்கார்ந்து தண்ணீருக்குள் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒன்றைக் கவனித்தார். பெரிய மீன் ஒன்று பொடி மீன் கூட்டத்துக்குள் பாயும்போது கண்டதையும் கடிப்பதில்லை. நூறு மீன் நேராக நீந்தும்போது ஒன்று மட்டும் கொஞ்சம் ஆடி ஆடி, சரிந்து நீந்தும். அடிபட்ட மீன். பாய்ச்சல் அதன்மேல்தான்.

அப்படியானால் தேவை அழகான மீன் இல்லை, ஆடி நீந்துகிற மீன். 1936இல் அவர் ஒன்றைச் செய்து முடித்தார். தக்கையைச் சப்பாத்து தைக்கிறவரின் கத்தியால் செதுக்கினார். மேல் மினுக்கத்துக்கு சொக்லட் சுற்றிவரும் ஈயத்தாள். வார்னிஷ் வாங்கக் காசில்லை, அதனால் பழைய புகைப்பட நெகட்டிவ்களை உருக்கி மேலே பூசினார். நம் பிள்ளை பால்மா டின்னில் பழைய ரப்பரை உருக்குவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? செய்த ஒவ்வொன்றையும் தண்ணீரில் இழுத்துப் பார்த்து, சரியாக ஆடும்வரை திருத்துவார். இன்றைக்கு அது உலகம் முழுக்க விற்கிற கம்பனி, இன்னும் ஒவ்வொன்றையும் தொட்டியில் இழுத்துப் பார்த்துத்தான் அனுப்புகிறோம் என்கிறார்கள். அமெரிக்காவில் அது பெயர் எடுத்தது ஒரு வேடிக்கை. 1962இல் மர்லின் மன்றோ இறந்த கையோடு அவர் படத்தை அட்டையில் போட்டு வந்த லைஃப் இதழுக்குள் ரபாலாவின் பொய் மீனைப் பற்றி ஒரு கட்டுரை இருந்தது. மன்றோவுக்காக வாங்கியவர்கள் எல்லோரும் அதையும் வாசித்துவிட்டார்கள்.

ரபாலாவின் மீன் தக்கை, கடினமானது. மென்மையான ரப்பர் மீனின் கதை அமெரிக்காவில் அக்ரன் என்ற ஊரில் தொடங்குகிறது. டயர் கம்பனிகளின் ஊர். 1926இல் அங்கே குட்ரிச் கம்பனியில் வேலை செய்த வால்டோ சீமன் என்பவர் இரும்போடு ரப்பரை ஒட்ட ஏதாவது வழி தேடிக்கொண்டிருந்தார். அந்த வேலையில் பி.வி.சி. என்ற உடையக்கூடிய பொருளைச் சில திரவங்களோடு சேர்த்துச் சூடாக்கிப் பார்த்தபோது அது வளைகிற, ரப்பர் மாதிரி ஒரு பொருளாக வந்தது. இன்று நம் வீட்டு வயர் உறையில் இருந்து மழைக்கோட்டுவரை அதுதான்.

அதே அக்ரனில் நிக் கிரீம் என்ற மெஷின் வேலைக்காரர் 1949இல் தன் மனைவி கோஸ்மாவோடு வீட்டு அடுப்பில் அந்தப் பொருளைக் காய்ச்சி, மண்புழு உருவத்தில் அச்செடுத்து ஊற்றினார். உலகத்தின் மென்பிளாஸ்டிக் புழுவின் தொடக்கம் ஒரு குசினி. ஆய்வு என்று சொல்ல வேண்டுமென்றால் புருசனும் பெண்சாதியும் சட்டியைக் கிண்டிக்கொண்டு நின்றதுதான். இரண்டு வருடத்தில் தபாலில் விற்கத் தொடங்கினார்கள். பிறகு தொழிலை டெக்சஸ் மாநிலத்துக்குக் கொண்டுபோனார்கள்.

டெக்சஸில் அப்போது வரிசையாகப் புது அணைகள், நீர்த்தேக்கங்கள். தண்ணீருக்குள் மூழ்கிய காடு, அடிமரம், வேலி. எறிந்த முள்ளெல்லாம் மரத்தில் மாட்டியது. அதற்கு அங்கே ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: முள்ளின் கூரை வெளியே விடாமல் திரும்பவும் ரப்பர் உடம்புக்குள்ளேயே லேசாகக் குத்தி மறைப்பது. மரத்தில் உரசினால் வழுக்கிப் போகும், மீன் கடித்து நசுக்கினால் மட்டும் கூர் வெளியே வரும். இன்றும் அதற்கு டெக்சஸ் முறை என்றுதான் பெயர். ஒரு பழைய டவுனே அடியில் கிடக்கிற மவுசாகலையில் முள்ளும் தங்கூசியும் எத்தனை போயிருக்கும் என்று கணக்குப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு என்று விளங்கும். பொடியன் இதைக் கேட்டதும் "ஐயோ சேர், இத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா" என்றான். எனக்கே முதல் நாள் இரவுதான் தெரியும்.

ஆனால் கிரீமின் புழுவும் தானாக நீந்தாது. பிடிக்கிறவர் கழியை ஆட்டி ஆட்டித்தான் அதற்கு உயிர் கொடுக்க வேண்டும். வால் தானாக அடிக்கிற ரப்பர் இரை பரவியது அதற்கும் பிறகு. 1970களின் தொடக்கத்தில் அரிவாள் மாதிரி வளைந்த மெல்லிய வால் வந்தது. பிறகு சப்பையான துடுப்பு வால். நம் பிள்ளை செய்தது இந்தத் துடுப்பு வால் வகை.

சும்மா நேராக இழுக்கிற ஒரு ரப்பர் துண்டு ஏன் இடமும் வலமும் வாலை அடிக்கிறது? இது எனக்கே வியப்பாக இருந்த பகுதி. பாலத்துத் தூணுக்குப் பின்னால் ஆற்றைப் பாருங்கள். இடது பக்கம் ஒரு சுழி, பிறகு வலது பக்கம் ஒரு சுழி, திரும்ப இடது. தியோடர் வான் கார்மான் என்ற ஹங்கேரிக்காரர் 1911இல் இதற்குக் கணக்கு எழுதினார். துடுப்பு வாலும் தண்ணீருக்கு ஒரு சின்னத் தூண்தான். அதற்குப் பின்னால் சுழிகள் மாறி மாறிக் கழலும்போது வால் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தள்ளப்படுகிறது. வாலுக்கு முன்னால் இருக்கிற கழுத்து மெல்லியதாக இருந்தால்தான் அந்தத் தள்ளலுக்கு அது இணங்கும். 2006இல் அமெரிக்காவில் சில ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். ஓடுகிற தண்ணீரில் ஒரு தடையை வைத்து, அதற்குப் பின்னால் செத்த டிரவுட் மீன் ஒன்றை நூலில் கட்டி விட்டார்கள். சுழிகளுக்குள் அந்தச் செத்த மீனின் உடம்பு நெளிந்து, தண்ணீரை எதிர்த்து முன்னால் நகர்ந்தது. செத்த மீன். நூல் தொய்ந்து போயிற்று. உடம்பின் வளைவுத்தன்மை சரியாக இருந்தால் பாதி நீச்சலைத் தண்ணீரே செய்து கொடுக்கிறது.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு சனிக்கிழமை நாங்கள் பீலிக்குப் போனோம். உங்களில் சிலர் பார்த்துச் சிரித்தது அன்றுதான். பீலியடித் தொட்டியில் அடிமட்டத்தில் தங்கூசியைக் கட்டி ஒரு முனையிலிருந்து மறு முனைவரை இழுத்தோம். தண்ணீர் எடுக்க வந்த அக்காமார் பொறுமையாக நின்றதற்கு நன்றி. "என்ன சேர், மீன் ஸ்கூலா?" என்று கேட்டவருக்கும் நன்றி.

முதல் குறை, சுற்றுவது. மீனை மேலிருந்து பார்த்தால் முதுகில் நடுக்கோடு இருக்கிறது, முள் அந்தக் கோட்டிலிருந்து ஒரு நெல் மணி அளவு இடது பக்கம் வெளியே வந்திருந்தது. அவ்வளவுதான். அந்தச் சின்னக் கோணல் சுக்கான் மாதிரி வேலை செய்து முழு மீனையும் சுற்ற வைத்தது. கழற்றி நேராகக் குத்தினோம். சுற்றுவது நின்றது, இப்போது மீன் ஒரு பக்கமாகச் சரிந்து படுத்துக்கொண்டு வந்தது. ஈயம் முதுகுப் பக்கம் இருந்தது. பாரம் மேலே இருந்தால் எந்தப் படகும் கவிழத்தானே பார்க்கும். ஈயத்தை வயிற்றுப் பக்கம் மாற்றினோம், நிமிர்ந்தது. ஆனால் வால் மரக்கட்டை. வேகமாக இழுத்தால் மட்டும் ஒரு தடவை துடித்தது.

வாலை என்ன செய்வதென்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவன் பிளேடை எடுத்துவிட்டான். வாலுக்கு முன்னால் கழுத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவினான். ஒரு பக்கம் சீவினால் மறு பக்கமும் அதே அளவு. சீவுவான், இழுப்பான், பார்ப்பான், திரும்பச் சீவுவான். ஏழோ எட்டோ தடவை. பிறகு மெதுவாக இழுத்தபோது வால் அடிக்கத் தொடங்கியது. வால் இடம் போனால் உடம்பு வலம் சரிந்தது. ரபாலா படகில் இருந்து பார்த்த அந்த அடிபட்ட மீன், எங்கள் பீலித் தொட்டிக்குள். உண்மையாகச் சொல்கிறேன், எனக்குப் புல்லரித்தது.

அடுத்த பிரச்சினை அச்சு. சீவின மீன் ஒன்றுதான் இருக்கிறது, அடுத்தது வார்த்தால் பழைய தடித்த கழுத்தோடுதான் வரும். ஆகவே சீவின மீனையே வைத்துப் புது அச்செடுத்தோம். இங்கே ஒரு முட்டாள் வேலை நடந்தது, செய்தது நான். அச்சு காய முதல் அவசரப்பட்டு ஊற்றினேன். பிளாஸ்டருக்குள் இருந்த ஈரம் ஆவியாகிச் சூடான பிளாஸ்டிக்கைத் தூக்கி அடித்தது. கையில் மூன்று இடத்தில் கொப்புளம். நாலு நாள் கரும்பலகையில் எழுத முடியவில்லை. அதனால் பெற்றோருக்கு முக்கியமாக இதைச் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பொருள் கிட்டத்தட்ட 175 பாகை செல்சியஸில் உருகி வரும், அதாவது கொதிக்கிற தண்ணீரை விட மிகவும் சூடு. தோலில் பட்டால் ஒட்டிக்கொள்ளும். அதற்கு மேல் சூடேறினால் மஞ்சளாகி, கறுத்து, மூக்கை அறுக்கிற புகை வரும். அது அமிலப் புகை, நுரையீரலுக்குக் கேடு. இந்தப் பிள்ளை இதை லயத்துக் காம்பிராவில், தங்கச்சி படுத்திருக்கிற இடத்திலிருந்து நாலடி தூரத்தில், கதவைப் பூட்டிக்கொண்டு செய்திருக்கிறான். தகப்பன் கண்டால் அடிப்பார் என்ற பயம். அந்த அப்பாவிடம் நான் சொன்னது இதைத்தான்: ஒளித்துச் செய்ய வைத்தால் குழந்தைகளின் மூச்சுக்குத்தான் ஆபத்து. வெளியில், காற்றோட்டத்தில், பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க, காய்ந்த அச்சில் செய்யட்டும். சமைக்கிற பாத்திரத்தில் வேண்டவே வேண்டாம். ஈயத்தைத் தொட்டால் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். பிய்ந்த ரப்பரைத் தண்ணீரில் விடாமல் திரும்பக் கொண்டுவர வேண்டும், மீன் விழுங்கினால் அதன் வயிற்றில் அப்படியே கிடக்கும். எப்படியும் திரும்ப உருக்கலாமே. தண்ணீரோரம் தனியாகப் போகக் கூடாது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. மவுசாகலைக் கரைச் சேறு எப்படியென்று இந்த ஊரில் தெரியாதவர் இல்லை.

அவர் கோபத்தின் மறு பாதி வேறு. "இவன் இதப் புடிச்சிக்கிட்டு படிப்ப விட்டுடுவான் சேர். மீன் புடிக்கிறவனாப் போகவா நாங்க கொழுந்து பறிச்சிப் படிக்க வைக்கிறோம்?" இதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. அவர் பயம் நியாயமான பயம். மீன்பிடியை நம்பியவர்களை இந்த நாடு நடுவழியில் விட்டதும் உண்டு. 1952இல் கொண்டுவந்த திலாப்பியாவால் உள்நாட்டுக் குளங்களும் நீர்த்தேக்கங்களும் ஒரு தொழிலாக எழும்பி வந்தன. 1990இல் அரசாங்கம் உள்நாட்டு மீன்பிடிக்குக் கொடுத்த ஆதரவை ஒரேயடியாக நிறுத்தியது. 1994இல்தான் திரும்பக் கொடுத்தார்கள். அந்த நாலு வருடம் குஞ்சு விடவும் ஆளில்லை, பார்க்கவும் ஆளில்லை. அப்படி ஒரு தொழிலுக்குப் பிள்ளையை அனுப்ப எந்தத் தகப்பனுக்கு மனம் வரும்?

ஆனால் 2022இல் மீன் விலை எட்டாத உயரத்துக்குப் போன மாதங்களில் இந்தத் தண்ணீரோரம் எத்தனை பேர் தூண்டிலோடு நின்றோம் என்பதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நானும் நின்றேன்.

இன்னொன்றையும் அந்த அப்பாவிடம் சொன்னேன். போன தவணை விஞ்ஞானப் பரீட்சையில் புவியீர்ப்பு மையம் பற்றிய கேள்வியை உங்கள் மகன் எழுதாமல் விட்டிருக்கிறான். பீலியில் ஈயத்தை வயிற்றுக்கு மாற்றியபோது, "பாரம் கீழ இருந்தா அதுவா நிமிருது, அப்ப லொறில சாமான மேல அடுக்கினா கவிழுறதும் இதுதானா சேர்?" என்று கேட்டவனும் அவன்தான். விஞ்ஞான டீச்சரிடம் இதைச் சொன்னேன். அடுத்த கிழமை அவரும் பீலிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் வந்தால் அந்தச் சுழிக் கணக்கை என்னைவிடச் சரியாக விளக்குவார், நான் வரலாற்று ஆள்.

அப்பா பதிலுக்கு ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது மட்டும் அந்த ரப்பர் மீனை வாங்கி உள்ளங்கையில் வைத்து வாலைத் தட்டிப் பார்த்தார். "எங்க தாத்தா பழைய டவுன் இருக்கும்போது ஆத்துல கையாலயே மீன் புடிப்பாராம்" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

எல்லோரும் கேட்பீர்கள், மீன் பிடிபட்டதா என்று. இல்லை. போன ஞாயிறு மழைக்கு முன்னால் நாங்கள் மூன்று பேர் கரைக்குப் போனோம். பதினைந்து இருபது தடவை எறிந்தான். ஒரு தடவை, கரைக்கு மிக அருகில், ஒரு நிழல் பின்னாலேயே வந்தது. வால் அடிக்கிற வேகத்துக்கு அதுவும் வந்தது. ஒரு முட்டு முட்டியது. தங்கூசி இறுகியது, பிறகு தளர்ந்துவிட்டது. இழுத்து எடுத்துப் பார்த்தால் துடுப்பு வாலின் ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்னப் பல் தடம். அவன் அதை நனைந்த சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வழி முழுக்க யாரிடமும் கொடுக்கவில்லை.

அந்த வாலை வைத்து அடுத்த அச்சு எடுக்கப் போகிறானாம். கழுத்தை இன்னும் ஒரு சீவல் சீவ வேண்டும் என்கிறான். நான் வேண்டாம், பிய்ந்துவிடும் என்கிறேன். சனிக்கிழமை பத்து மணிக்குப் பீலியில் தெரியும்.

உறவுகளே, இரண்டு உதவி. ஒன்று, கிழிந்த பழைய ரப்பர் மீன்கள் வீட்டில் கிடந்தால் எறியாமல் பிள்ளையிடம் பாடசாலைக்குக் கொடுத்துவிடுங்கள். மற்றது, அணை கட்டுவதற்கு முன்னால் மஸ்கெலியா ஓயாவில் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எந்த மீனை, எதை வைத்து, எப்படிப் பிடித்தார்கள் என்று கேட்டுக் கீழே எழுதுங்கள். வலையா, தூண்டிலா, அந்தத் தாத்தா மாதிரி வெறுங்கையா, மீனுக்கு என்ன பெயர் சொன்னார்கள், எல்லாம் வேண்டும். அந்த ஆற்றைக் கண்ணால் பார்த்தவர்கள் இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார்கள்.